ஒன்பது பேர் என்று நீ எழுதிய நாள்

கீர்த்தனா,

தாயார் சன்னதிக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூருக்குக் கிளம்புகிறாய். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. ஊறுகாய் பாட்டிலை நான் வைப்பதும் நீ எடுப்பதும் மூன்று நாளாக நடக்கிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் உபதேசத்தில் இறங்கிவிடுவேன், நீ போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். எழுத்தில் என்றால் தப்பாக வந்ததை அடித்துவிட்டு எழுதலாம். இதை உனக்கு மட்டும் எழுதி மடித்துத் தரவும் மனமில்லை. நான் செய்த தவறு நாலு பேர் முன்னால் செய்தது. ஒப்புக்கொள்வதும் நாலு பேர் படிக்கும்படி இருப்பதுதான் முறை என்று தோன்றுகிறது.

உன் கல்லூரியில் தலைமைப் பண்புக்கான அந்தச் சான்றிதழ்ப் படிப்பில் நீ சேர்ந்தது இரண்டாம் வருடக் கடைசியில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கமான பட்டப்படிப்போடு கூட, சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் ஐந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆறு வாரம் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையை நடத்திக் காட்ட வேண்டும். நடத்திக் காட்டுவது என்றால் அவர்களே செய்துவிடுவது அல்ல. மாணவர் அல்லாத பத்துப் பேரையாவது அந்த வேலையில் சேர்த்து, அவர்கள் தாமாக வந்து செய்யும்படி ஆக்க வேண்டும். அது நடந்தால் முதல் நிலைச் சான்றிதழ். முதல் நிலை வாங்கியவர்களை ஒரு பெங்களூர்க் கம்பெனி எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்காணலுக்குக் கூப்பிடும். உனக்கு அந்தக் கம்பெனி மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். உன் அலமாரிக் கதவின் உள்பக்கம் அதன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாய்.

இப்போது என் ஆசையைச் சொல்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் உறையூரில் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். படிக்க வராமல் அல்ல, தறிக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. சமஸ்கிருத எழுத்தைக் காலண்டரைப் பார்த்துக் கற்றேன். வரவு செலவு எழுதுவதை மளிகைக்கடைச் சிட்டையைப் பார்த்துக் கற்றேன். நம் தெரு மார்கழிப் பாராயணக் குழுவைப் பதினான்கு வருடமாக நான்தான் நடத்துகிறேன். யார் எந்த நாள் கோலம், யார் வீட்டுப் பொங்கல், யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எல்லாம் என் நோட்டில் கட்டம் போட்டு இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பெயர் உண்டு என்றோ, அதற்கு ஒரு காகிதம் தருவார்கள் என்றோ எனக்குத் தெரியாது. உன் சனிக்கிழமை வகுப்பில் பாதி ஆன்லைனில் நடந்ததே, நீ அறைக்குள் காதில் எதையும் மாட்டாமல் சத்தமாக வைத்துக் கேட்பாய். நான் கதவுக்கு வெளியே வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டு முழு வகுப்பையும் கேட்டேன். ஒரு வாரம் விடவில்லை. என் நோட்டின் பின்பக்கத்தில் குறிப்பும் எடுத்தேன். அடுத்தவர் பேசும்போது இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்று ஒரு பயிற்சி சொன்னார்கள். அதை அன்று மத்தியானம் உன் அப்பாவிடம் செய்து பார்த்தேன். அவர் மருந்துக்கடையில் நடந்த எதையோ சொல்ல ஆரம்பித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வினாடியில், “அதை விடுங்க, முதலாளி என்ன சொன்னாருன்னு சொல்லுங்க” என்றேன். பயிற்சியில் தோற்றேன். அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை. எனக்குச் சாதகமானதை மட்டும்தான் எழுதிக்கொண்டேன் என்பது இப்போது படித்துப் பார்த்தால் தெரிகிறது.

என் குணம் உனக்குப் புதிது அல்ல. நீ ஏழாவது படிக்கும்போது உறையூரில் மாமா வீட்டுக்கு முதல் முறையாகத் தனியாக டவுன் பஸ்ஸில் போனாய். கையில் பிரசாதப் பை. நான் வாசலில் கையசைத்துவிட்டு, நீ தெருமுனை திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறி, முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “முன்னாடி உக்காந்திருக்கிறது உங்க பொண்ணாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப யாருகிட்ட ஒளிஞ்சுக்கிட்டு வர்றீங்க?” என்று சத்தமாகவே கேட்டார். நீ திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. பெருமையாக உட்கார்ந்திருந்தவள் சாதாரணமாக உட்கார்ந்தாய், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை அன்று நான் பார்த்தேன். பார்த்தும், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

படித்துறை வேலையை உன் குழு தேர்ந்தெடுத்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் சின்னப் படித்துறை, நான் இருபது வருடமாகக் குளிக்கும் இடம். காரியமோ பரிகாரமோ செய்துவிட்டு வருகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு ஏறுவார்கள். வேட்டியும் துண்டும் படியில் சிக்கி, காலில் சுற்றி, வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. அந்தத் துணி ஆற்றில் போகாமல் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பது உங்கள் திட்டம். முதல் நாள் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. நீயும், தென்னூர் ஆசிப்பும், மற்ற மூன்று பேரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் குளித்துவிட்டுக் குடத்தோடு ஏறி வந்தேன். மேல்படியில் குடைக்குக் கீழே துண்டும் வேட்டியும் விற்கும் பழனியம்மா உன்னைப் பார்த்து, “ஏ பாப்பா, காலேஜுல வேற வேலையே குடுக்கலையா? ஆத்துல துணி பொறுக்கவா அனுப்பிச்சாங்க?” என்றார். பூக்காரப் பெண்கள் சிரித்தார்கள். படகுக்காரர், “அதுக்கும் பரீட்சை வைப்பாங்க போல, ஆயா” என்றார். நீயும் சிரித்தாய். ஆனால் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே ஜெயாவுக்குப் போன் போட்டேன். எதிர்வீட்டு ஜெயாதான், பாராயணத்தில் என் பக்கத்தில் உட்காருவாளே, அவள். “ஜெயா, கீர்த்தி காலேஜ் விஷயம். நம்ம குழு பன்னிரண்டு பேரும் ஆறு வாரம் படித்துறைக்கு வரணும். கைங்கரியம்னு நெனச்சுக்குங்க” என்றேன். “அக்கா சொன்னா சரிதான்” என்றாள். மறுநாள் காலையில் நோட்டில் கட்டம் தயார். யார் எந்தக் கிழமை, எந்தப் படி, என்ன சொல்ல வேண்டும், எல்லாம் எழுதினேன். “மேல்படியில் ஒரு தொட்டி வைத்து, பக்கத்தில் நின்று, துணியை விட்டுவிட்டு ஏறுகிறவர்களைக் கூப்பிட்டு, அதில் போடச் சொல்லவும்” என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நீ அதைப் படித்துவிட்டு, “மேல நின்னு கூப்பிட்டா சரியா வருமாம்மா? கீழயே எதாவது பண்ணலாமே” என்றாய். நான், “பன்னெண்டு பேர் வர்றாங்க, உனக்குப் பத்துதான் வேணும். அதைப் பாரு” என்றேன். உன் குழுப் பிள்ளைகளும் பத்து கிடைத்த நிம்மதியில் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிப் மட்டும், “ஆன்ட்டி, நாங்க என்ன பண்ணட்டும்?” என்று கேட்டான். “போட்டோ எடுங்கப்பா, ரிப்போர்ட்டுக்கு வேணுமே” என்றேன். பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது பற்றிக் கதவுக்கு வெளியே நின்று இரண்டு பக்கம் குறிப்பு எடுத்தவள் நான்.

ஆடி அமாவாசை அன்று நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய். வையம்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்குக் காரியம் செய்துவிட்டு, முழுகி எழுந்து, துணியை விட்டுவிட்டு, அந்த மனிதர் ஏறி வந்தார். ஜெயா மேல்படியிலிருந்து பக்கவாட்டில் இறங்கி அவருக்குப் பின்னால் போய், “ஐயா! ஐயா, துணி! எடுத்துத் தொட்டியில போட்டுட்டுப் போங்க!” என்று கூவினாள். அவர் திரும்பிவிட்டார். கூட வந்த மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். காரியம் முடித்து ஏறுகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. அதற்கு மேல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவது எவ்வளவு பெரிய அபசாரம். அந்த மனிதர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: “நெத்தியில இவ்வளவு பெருசா ஸ்ரீசூர்ணம் வச்சிருக்கீங்களேம்மா, இது தெரியாதா உங்களுக்கு? உங்க வீட்டுல யாரும் செத்ததே இல்லையா?” எனக்குத் தெரியும். உன் அப்பா சைக்கிள் எடுத்துக் கிளம்பிவிட்டால், சாப்பாட்டுத் தூக்கை மறந்திருந்தால்கூடப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன், சந்தில் புகுந்து முன்னால் போய் நிற்பேன். அப்படிப்பட்டவள் பன்னிரண்டு பெண்களை நிறுத்தி, ஊர் முழுவதையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட வைத்திருந்தேன். பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட அது தப்பு என்று சொல்லவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். பதினான்கு வருடமாக அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து உங்கள் ஒருங்கிணைப்பாளர் மேடம் சொல்லாமல் கொள்ளாமல் படித்துறைக்கு வந்தார். நேராக ஜெயாவிடம் போய், “நீங்க எப்படிங்க இதுல சேர்ந்தீங்க?” என்றார். “கீர்த்தி அம்மா சொன்னாங்க, வந்தோம்.” “இங்க என்ன செய்யணும்னு யாரு சொல்வாங்க?” “அக்காதான். நோட்டுல எழுதிக் குடுத்துருவாங்க.” “கீர்த்தனா என்ன செய்வாங்க?” ஜெயா நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, “அது பாவங்க, ஒரு தொந்தரவும் பண்ணாது. ஓரமா நின்னு போட்டோ எடுக்கும்” என்றாள். மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். மறுநாள் உங்கள் குழுவுக்கு வந்த கடிதத்தில், இந்த வேலையைக் குழுத் தலைவியின் தாயார் நடத்தியிருக்கிறார், எனவே கணக்கில் எடுக்க இயலாது, ஐப்பசியில் மீண்டும் ஆறு வாரம் செய்யலாம், அல்லது விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். புடவை மாற்றிக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, உன் கல்லூரிக்கு வந்தேன். நீ வராந்தாவிலேயே, “வேணாம்மா, நான் பேசிக்கிறேன்” என்றாய். நான் உள்ளே போய்விட்டேன். மேடத்திடம் கட்டங்களைக் காட்டி, யார் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று வரிசையாக வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு நிமிடத்துக்கு மேலேயே குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “அருமையா நடத்தியிருக்கீங்கம்மா. உண்மையிலேயே சொல்றேன். ஆனா இந்தப் படிப்புல நீங்க சேரலையே” என்றார். நான் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அப்போது நீ உள்ளே வந்து, என் கையிலிருந்த நோட்டை மெதுவாக மூடி, “மேடம், நாங்க மறுபடி பண்றோம். அம்மா படித்துறைப் பக்கம் வர மாட்டாங்க” என்றாய். என்னைக் கேட்காமல் என் பேரில் ஒரு வாக்கு.

ஒன்பது நாள் நான் உன்னிடம் பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், பேசவில்லை. உனக்குப் பரிந்து பேச வந்தவளை ஊரான் முன்னால் வாயை மூட வைத்தாயே என்பதுதான் என் கோபம். அந்த ஒன்பது நாளில் கோயிலில் நின்று நான் பெருமாளிடம் கேட்டது உனக்கு நல்ல புத்தி கொடு என்று. பத்தாம் நாள் பிரகாரம் சுற்றும்போது ஒரு எண்ணம் வந்தது. அந்த மேடம், “உண்மையிலேயே சொல்றேன்” என்று பாராட்டியபோது, உனக்குச் சான்றிதழ் போகிறதே என்ற கவலையைவிட அந்தப் பாராட்டு எனக்கு முன்னால் வந்து நின்றது. அந்தக் காகிதத்துக்கு ஆசைப்பட்டது நீ மட்டுமல்ல. நான் உன்னைப் பழனியம்மாவின் கேலியிலிருந்து காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பேரில் நானே பரீட்சை எழுதியிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள வீட்டுக்கு வந்தேன். வந்தவள், “தோசையா, உப்புமாவா?” என்று கேட்டேன். நீ தோசை என்றாய். அதோடு பேச்சு திரும்பியது. ஒப்புக்கொள்வது இன்றுவரை பாக்கி.

ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளிப்பது எனக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து வழக்கம். போன வருடம், நீ கொடுத்த வாக்குக்காக, மழையில் கொள்ளிடத்துப் பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்தேன். படித்துறையில் என்ன நடக்கிறது என்று உன் அப்பா சொன்னால்தான் உண்டு. அவரிடமிருந்து ஒரு செய்தி வர இரண்டு காபி ஆகும். முதல் வாரம் அவர் கொண்டுவந்த செய்தி: “உன் பொண்ணு பழனியம்மா கடையில உக்காந்து துண்டு மடிச்சுக்கிட்டு இருக்கா.” “துண்டு மடிக்கவா படிக்க வச்சோம்?” என்றேன். “எனக்கென்ன தெரியும், நல்லாத்தான் மடிக்கிறா” என்றார். “அந்தப் பையன்?” “ஆசிப் படகுக்காரரோட சேர்ந்து தண்ணி இறைக்கிறான்.” ஆறு வாரத்தில் ஒரு வாரம் போயிற்று, ஒரு துணி சேரவில்லை, ஒரு ஆள் சேரவில்லை. ஜெயாவுக்குப் போன் போடக் கை போயிற்று. போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டுச் சமையல் செய்தேன்.

நடந்தது என்ன என்று பிறகுதான் நீ சொன்னாய். துண்டு மடித்துக்கொண்டே, “ஆயா, இந்தத் துணியை எல்லாம் என்ன பண்ணலாம்?” என்று நீ கேட்டிருக்கிறாய். அவர் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. நான்காம் நாள் அவராகவே சொன்னாராம்: “நீங்க மேல தொட்டி வச்சா எவன் போடுவான்? தொட்டிக்கு வந்தா துணி ஆத்துல விட்ட மாதிரி ஆகாதுல்ல. துணி ஆத்துல நனையணும், விட்டவன் திரும்பாம ஏறணும். கூடையை ஆத்துக்குள்ள வையி. கூடைக்குள்ளயும் ஆறுதானே ஓடுது?” படிக்கல்லில் இருக்கும் இரும்பு வளையத்தில் கட்டி, கல் வைத்து, பெரிய மூங்கில் கூடை ஒன்றைப் படகுக்காரர் இறக்கினார். முழுகி எழுகிறவருக்கு முன்னாலேயே கூடை. விட்டுவிட்டு ஏறிப் போகலாம், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சேர்ந்த துணியைப் பிழிந்து கரையில் வைத்தால் துப்புரவுக்காரர்கள் எடுத்துப் போவார்கள். இருபது வருடம் அங்கே குளித்தவள் நான், இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது பெரிதில்லை. அங்கேயே இருபது வருடமாகத் துண்டு விற்கிறவரைக் கேட்கத் தோன்றவில்லை.

பழனியம்மா, அவர் மருமகள், பூக்காரப் பெண்கள் இரண்டு பேர், படகுக்காரர், நாவிதர், டீக்கடைக்காரர், காரியம் செய்துவைக்கும் இரண்டு பேர். தாமாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர் ஆயிற்று. காரியம் செய்துவைக்கும் மூன்றாமவர் மட்டும் கடைசிவரை, “கூடையில விட்டா தோஷம் போகாது பாப்பா, நான் சொல்ல மாட்டேன்” என்று நின்றுவிட்டார். அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் நீயும் ஆசிப்பும் நம் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜெயா எட்டிப் பார்த்து, “ஒரு ஆள்தானே, நான் வரேனே” என்றாள். நீ, “ஜெயா அத்தை, நீங்க அம்மா கட்சி. செல்லாது” என்றாய். அவளே சிரித்துவிட்டாள். அவள் போனதும் நான் கேட்டேன், “நான் வரட்டுமா? நடத்த இல்ல. ஒரு ஆளா.” நீ என்னைப் பார்த்து, “வந்தா யாரு சொல்றதைக் கேப்ப?” என்றாய். “நீ சொல்றதை.” “நான் அங்க எதுவும் சொல்றது இல்லைம்மா. பழனியம்மாதான் சொல்லுவாங்க. அவங்க சொன்னா கேப்பியா?” நான் வாயைத் திறந்தேன். “பாரு, யோசிக்கிற” என்றாய். ஆசிப் தலையைக் குனிந்துகொண்டு, “ஒன்பதுதான் இருக்குன்னா ஒன்பதுன்னே எழுது கீர்த்தி. போன தடவை பன்னெண்டுன்னு எழுதித்தானே இவ்வளவு கூத்து” என்றான். நீ ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

இரண்டாம் நிலைதான் கிடைத்தது. பெங்களூர்க் கம்பெனி கூப்பிடவில்லை. உன் அலமாரிக் கதவில் இப்போது பசைத் தடம் மட்டும் இருக்கிறது. ஐந்து மாதம் எல்லாரையும்போலத் தேர்வு எழுதி, இரண்டு இடத்தில் கடைசிவரை போய்த் திரும்பி, இந்த ஓசூர்த் தொழிற்சாலை வேலை வந்தது. ஆசிப்புக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அவன் அம்மாவுக்கு நான் போன் செய்து, இதெல்லாம் என்னால் வந்த வினை என்று சொன்னேன். “அட, விடுங்க. புள்ளைங்க முகம் தொங்காம இருக்குல்ல, அது போதும். இன்ஷா அல்லா வேற ஒண்ணு வரும்” என்றார். அவர் பெரிய மனுஷி. ஆனால் அதனால் என் பங்கு குறைந்துவிடாது. நான் முதலிலேயே ஒதுங்கி இருந்திருந்தால் உங்களுக்குப் பன்னிரண்டு வாரம் இருந்திருக்கும். அந்தப் பத்தாவது ஆள் கிடைத்திருப்பாரா இல்லையா, அது எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

ஓசூரில் உன்னிடம் பதினாறு பெண்களை ஒப்படைக்கப் போகிறார்கள் என்றாய். அவர்களில் பாதிப் பேர் உன்னைவிட மூத்தவர்கள், பத்து வருடமாக அந்த மெஷினில் நிற்கிறவர்கள். அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்கு நிறையத் தோன்றுகிறது. ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். அதை அடித்துவிட்டேன். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்: உன்னிடம் யாரும் மறுத்தே பேசாத நாள் வந்தால், வேலை நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிடாதே. என்னிடம் பன்னிரண்டு பேர் பதினான்கு வருடம் மறுத்துப் பேசவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஏகாதசிக்குப் பட்டினி கிடக்க வேண்டாம், எட்டு மணி நேரம் நின்றுகொண்டு செய்யும் வேலை, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன வாரம் ஆற்றில் தண்ணீர் வந்தது. நீ ஆசிப்போடு போய்க் கூடையை மறுபடி இறக்கிவிட்டு வந்தாய். நீ போனபின் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் குறைகிறது என்று வந்து சொன்னாய். என்னிடம் கேட்கும் எண்ணத்தில் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாய். நேற்று நான் பழனியம்மாவிடம் போனேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. இருபது வருடமாக என்னைப் பார்க்கிறவர், புதிதாகப் பார்ப்பதுபோல, “நீங்கதானே கீர்த்தி அம்மா?” என்றார். ஆமாம் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சத்தம் போட மாட்டீங்களே?” என்றார். மாட்டேன் என்றேன். “புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அஞ்சாம் படிக்கு வாங்க” என்றார். ஒரு வேட்டியைக் கொடுத்துப் பிழியச் சொன்னார். பிழிந்தேன். “இப்படிப் பிழிஞ்சா தண்ணி உங்க மேலதான் வடியும், வெளிப்பக்கமாத் திருப்புங்க” என்றார். முப்பது வருடமாகத் துணி பிழிகிறவள் நான். வெளிப்பக்கமாகத் திருப்பினேன். கூடையை இன்னும் ஒரு படி கிழக்கே கட்டினால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இனிச் செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை என் முறை. அந்த நேரத்தில் நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன். ஒன்பது மணிக்கு மேல் செய்.

அம்மா